கட்டிய பணம் திரும்பி வருமா?

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, பங்கு இல்லத் தாழ்வாரத்தில் மக்கள் ஒவ்வொருவராகக் கலைந்து கொண்டிருந்த நேரம். கணவனும் மனைவியுமாக இருவர், கையில் ஒரு பிளாஸ்டிக் உறையுடன் தயங்கித் தயங்கி வந்து நின்றனர். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். உறையிலிருந்து வெளிவந்தவையோ இரண்டு அச்சுத் தாள்கள். ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டு ஒருவர் கணக்கிட்டுக் கொடுத்தவை அவை.

கணவருக்கு வயது 32. தனியார் கம்பெனி ஒன்றில் வண்டி ஓட்டுகிறார்; மாதச் சம்பளம் முப்பதாயிரம். இரண்டு சிறு பிள்ளைகள். வீட்டுக் கடனில் இன்னும் பன்னிரண்டு லட்சம் பாக்கி.

"சாமி, இதுல எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும். ஒண்ணுல நான் செத்தாத்தான் பணம். இன்னொண்ணுல உயிரோட இருந்தாலும் கட்டினது அத்தனையும் திரும்பி வந்துடுமாம்" என்றார் அவர்.

குருமடத்தில் எங்களுக்கு மெய்யியலையும் இறையியலையும் கற்பித்தார்களேயன்றி இன்ஷூரன்ஸ் கற்பிக்கவில்லை. ஆயினும், அடக்கப் பதிவேடு எழுதுகிறவன் என்ற முறையில் இந்த விஷயத்தில் எனக்கும் சிறிது பழக்கம் உண்டு. முப்பத்தைந்து, நாற்பது வயதுக் குடும்பத் தலைவர்களின் பெயர்களை என் கையால் அதில் எழுதியிருக்கிறேன். அடக்கத்துக்கு ஊரே வருகிறது. ஏழாம் நாள் பூசைக்குப் பாதிப் பேர் வருகிறார்கள். அதற்குப் பிறகு வங்கிக்காரரும் பள்ளிக்கூடக் கட்டணமும் மட்டுமே அந்த வீட்டுக்குத் தவறாமல் வருகின்றனர்.

அடக்கப் பதிவேட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் உள்ள உறவு பழமையானது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், இன்று போலந்து நாட்டில் வ்ரோத்ஸ்வாஃப் என்று வழங்கும் பிரெஸ்லவு நகரில், காஸ்பார் நாய்மன் என்ற லுத்தரன் போதகர் இருந்தார். 1687 முதல் 1691 வரை அந்நகரில் பிறந்தோர், இறந்தோர் விவரங்களை வயதுவாரியாக அவர் திரட்டி வைத்தார். அந்த ஏடுகள் லண்டனுக்குச் சென்று, எட்மண்ட் ஹாலி என்ற வானியல் அறிஞரின் கைக்கு எட்டின. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த ஹாலிதான் அவர். எந்த வயதினரில் ஆண்டுக்கு எத்தனை பேர் இறப்பர் என்பதற்கு அவர் 1693-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஒரு தனி மனிதன் எப்போது இறப்பான் என்பதை எவரும் அறியார். ஆயிரம் பேரில் எத்தனை பேர் இறப்பர் என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். காப்பீட்டுத் தொழில் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல் நிற்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர்கள் தங்கள் விதவைகளுக்காக நிதி ஒன்றை ஏற்படுத்தியபோதும் இத்தகைய கணக்கையே அடிப்படையாகக் கொண்டனர்.

இனி, அந்த இரண்டு தாள்களுக்கு வருவோம்.

முதல் தாளில் இருந்தது 'டெர்ம் இன்ஷூரன்ஸ்' என்று வழங்கும் வெறும் காலவரைக் காப்பீடு. முப்பது ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் ரூ. 8,000 பிரிமியம். அக்காலத்துக்குள் அவர் இறந்தால் குடும்பத்துக்கு ரூ. 50 லட்சம். முப்பது ஆண்டும் உயிரோடு இருந்தால் ஒன்றும் இல்லை. இரண்டாவது தாளிலும் அதே 50 லட்சம், அதே முப்பது ஆண்டு. பிரிமியம் மட்டும் ரூ. 16,000. உயிரோடு இருந்தால், கட்டிய ரூ. 4,80,000-மும் முடிவில் திரும்பக் கிடைக்கும். (கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டுத் தொகைகளை முழு ஆயிரமாக்கியுள்ளேன். வயது, உடல்நிலை, நிறுவனம் ஆகியவற்றைப் பொறுத்து இவை மாறும். ஆனால் பணம் திரும்பும் திட்டத்தின் பிரிமியம் மற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காவது வழக்கமே.)

நம் மக்களுக்கு இரண்டாவது தாளின்மேல் ஏன் கண் போகிறது என்பது எனக்கு விளங்குகிறது. 1956 செப்டம்பர் முதல் தேதி, 245 தனியார் நிறுவனங்களையும் சேமநலச் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. தோன்றிய நாள் முதல், நம் வீடுகளுக்கு வந்த ஏஜெண்டுமார் கொண்டு வந்தது பெரும்பாலும் எண்டோமெண்டும் மனிபேக்கும்தான். பெண்ணின் திருமணத்துக்கு முதிரும் பாலிசி, பையனின் படிப்புக்கு முதிரும் பாலிசி என்றே நாம் பழகிவிட்டோம். காப்பீடு என்றால் சேமிப்பு என்றே நினைக்கிறோம். ஒன்றும் திரும்பாத பாலிசி என்றால் ஏமாற்று வேலை என்று தோன்றுகிறது.

அந்தக் கணவரிடம் நான் கேட்டேன்: "தம்பி, உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் இன்ஷூரன்ஸ் கட்டுகிறீர்களே, விபத்து ஒன்றும் நேரவில்லை என்று டிசம்பர் மாதம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறீர்களா?" அவர் சிரித்தார். வண்டிக்கு ஒரு நியாயமும் உயிருக்கு ஒரு நியாயமுமாக நாம் வைத்திருக்கிறோம். கட்டிய எட்டாயிரம் வீணாகவில்லை. அந்த ஆண்டில் இறந்துபோன வேறொரு குடும்பத் தலைவனின் வீட்டுக்கு அது போயிற்று. நம் வீட்டுக்கு அந்தத் தேவை வரவில்லை என்பதே நாம் பெற்ற லாபம்.

பணம் திரும்பும் திட்டம் மோசடி அன்று, சட்டப்படி நடப்பது, ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு ஒழுங்காகவே திரும்பும். எல்.ஐ.சி.யே 2023-ஆம் ஆண்டில் ஜீவன் கிரண் என்ற பெயரில் அத்தகைய திட்டமொன்றை அறிமுகப்படுத்தியது. தனியார் நிறுவனங்கள் பலவும் வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். நிறுவனம் தன் கைப்பொருளை எடுத்து நமக்குத் தருவதில்லை. பதினாறாயிரத்தில் எட்டாயிரம் உயிர்க் காப்புக்குரிய விலை. மற்ற எட்டாயிரத்தை நிறுவனம் வாங்கி, நீண்டகால அரசுப் பத்திரங்கள் முதலியவற்றில் இட்டு வளர்க்கிறது. வளர்ந்ததில் ஒரு பகுதியை முப்பது ஆண்டுக்குப் பின் நமக்குத் தந்து, 'நீங்கள் கட்டியது அத்தனையும் இதோ' என்கிறது.

அந்த இரண்டாவது எட்டாயிரத்தை நாமே ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 6 சதவீதக் கூட்டுவட்டியில் போட்டு வந்தால் என்ன ஆகும்? பங்குக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தோம். முப்பது ஆண்டு முடிவில் ஏறத்தாழ ரூ. 6,70,000. வட்டி 7 சதவீதமானால் எட்டு லட்சத்தைத் தாண்டுகிறது. நிறுவனம் தருவதோ ரூ. 4,80,000. பின்னிருந்து கணக்கிட்டால், அந்த எட்டாயிரங்களுக்கு நாம் பெறும் வட்டி ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்றே மேல். அதுவும் உயிரோடு இருந்து, ஒரு தவணையும் தவறாமல் கட்டி முடித்தவர்க்கு மட்டும்! இடையில் இறந்தவர்கள் கட்டிய கூடுதல் பணம் அவர்கள் குடும்பத்துக்குத் திரும்புவதில்லை. இதையும் சேர்த்துக்கொண்டுதான், பிழைத்திருப்போருக்கு அந்த நாலு சதவீதம்.

ரூபாயின் மதிப்பையும் மறக்கலாகாது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால், முப்பது ஆண்டுக்குப் பின் கிடைக்கும் ரூ. 4,80,000 இன்றைய ரூ. 1,11,000 வாங்கும் பொருளைத்தான் வாங்கும். "எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்ற சொல்லில் ரூபாய் நோட்டுகளின் எண்ணிக்கை மட்டுமே திரும்பி வருகிறது.

அவ்வெண்ணிக்கையிலும் சில சேராது. காப்பீட்டோடு விபத்து, கொடிய நோய் முதலிய இணைப்புகளை வாங்கியிருந்தால் அவற்றுக்குக் கட்டிய தொகை திரும்பாது. உடல்நிலை காரணமாக விதித்த கூடுதல் பிரிமியமும் திரும்பாது. தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரிமியத்தின்மேல் இருந்த சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. அதற்கு முன் பாலிசி எடுத்து 18 சதவீத வரியோடு கட்டியவர்களுக்கு, கட்டிய வரி திரும்புகிற கணக்கில் இல்லை.

இவ்வளவு நேரமும் அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. மடியில் தூங்கிய பிள்ளையின் தலையைத் தடவிக் கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்:

"சாமி, இவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, ரெண்டாவது தாளுல எனக்குக் கூடுதலா ஏதும் வருமா?"

"வராது அம்மா. இரண்டிலும் உங்களுக்கு வருவது ஐம்பது லட்சமே."

"அப்போ அந்த எட்டாயிரம் இவங்களுக்காக. எங்களுக்காக இல்ல."

நான் அரை மணி நேரம் பென்சிலால் விளக்கியதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். விதவையின் பக்கத்திலிருந்து பார்த்தால், பணம் திரும்பும் வசதிக்காகக் கட்டப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் அவளுக்குப் பயன்படாத ரூபாய். பத்தாம் ஆண்டில் கணவன் இறந்தால், கூடுதலாகக் கட்டிய எண்பதாயிரம் போனது போனதே.

அப்பொழுதுதான் கணவர் இன்னொரு செய்தியைச் சொன்னார். ஆண்டுக்குப் பதினாறாயிரம் தம்மால் இயலாது என்பதால், காப்புத் தொகையை ஐம்பதிலிருந்து இருபத்தைந்து லட்சமாகக் குறைத்து, எட்டாயிரத்திலேயே பணம் திரும்பும் பாலிசியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏஜெண்டு யோசனை கூறியிருந்தாராம். 'கையைக் கடிக்காது, பணமும் திரும்பும்' என்று. ஏஜெண்டுமாரில் நல்லவர்கள் பலரை நான் அறிவேன். இவரும் கெடுதல் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் குடும்பங்கள் ஏமாறும் இடம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். இருபத்தைந்து லட்சத்தில் வீட்டுக் கடன் பன்னிரண்டு லட்சத்தை அடைத்தால் மிஞ்சுவது பதின்மூன்று லட்சம். அதை வங்கியில் 6 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் ரூ. 6,500. ஐம்பது லட்சத்தில் கடன் போக மிஞ்சுவது முப்பத்தெட்டு லட்சம்; அதற்கு மாத வட்டி ரூ. 19,000. கணவர் கட்டுவது இரண்டிலும் அதே எட்டாயிரம். ஆறாயிரத்து ஐந்நூறில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்கும் பத்தொன்பதாயிரத்தில் வளர்ப்பதற்கும் உள்ள தூரத்தை நம் தாய்மார்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. தம் அறுபத்திரண்டாம் வயதில் ஒரு சிறு தொகையைக் கையில் வாங்கும் ஆசைக்காக, அம்மனிதர் தம்மையறியாமல் தம் மனைவியின் பங்கைப் பாதியாக்க இருந்தார்.

ஆண்டு வருமானத்தைப் போல் பத்து முதல் பதினைந்து மடங்கு காப்பு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இவருக்கு ஆண்டு வருமானம் ரூ. 3,60,000, ஆகவே ஐம்பது லட்சம் அதிகமன்று. காப்புத் தொகையை முதலில் முடிவு செய்து, பிறகு பணம் திரும்ப வேண்டுமா என்று யோசிப்பதே முறை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

அப்படியானால் பணம் திரும்பும் திட்டத்தை எவரும் எடுக்கலாகாதா என்றால், நான் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன். 'வித்தியாசத்தை நானே சேமித்துக்கொள்வேன்' என்பது சொல்வதற்கு எளிது. அந்த எட்டாயிரம் ஊர்த் திருவிழாவில் கரையலாம். மைத்துனரின் அவசரத்துக்குப் போகலாம். அதிக வட்டி என்று சொல்லிப் பின்னர் பூட்டிக்கொண்டு ஓடும் சீட்டுக் கம்பெனியில் விழலாம். இப்படி ஓடிய கம்பெனிகளால் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்கள் நம் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. அவர்களுக்கு அந்த நாலு சதவீதம் எவ்வளவோ மேல். 'ஒன்றும் திரும்பாது என்றால் காப்பீடே வேண்டாம்' என்று பிடிவாதம் பிடிப்பவரும் உளர். அவர் வெறுங்கையாக இருப்பதைவிட இதை எடுப்பது குடும்பத்துக்கு நன்று. தேவையான காப்பு முழுவதையும் இத்திட்டத்திலேயே வாங்கும் வசதி உடையவர், நிம்மதிக்குக் கொடுக்கும் விலை என்று இதை ஏற்றால், அது அவர் விருப்பம்.

தாமே சேமிக்க இயன்றவர்களுக்கு அஞ்சலகம் இருக்கிறது. 1968-இல் தொடங்கிய பொது சேமநல நிதி என்னும் பி.பி.எஃப். கணக்குப் பதினைந்து ஆண்டுக்குரியது. பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். 2020 ஏப்ரலில் அதன் வட்டி 7.1 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டு, பல ஆண்டுகள் மாறாமல் இருந்தது. ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடிருக்கும் என்பது, ஏற்ற இறக்கமான வருவாய் உள்ள நம் மீனவர், கொத்தனார் குடும்பங்களுக்கு ஒரு வசதி. எட்டாயிரமும் இயலாத வீடுகளுக்கு, 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டம் உண்டு. 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் தங்கள் வங்கிக் கணக்கின்மூலம் சேரலாம். இரண்டு லட்சம் காப்பு. ஆண்டுக் கட்டணம் 2022 ஜூன் முதல் ரூ. 436 ஆக்கப்பட்டது. அதிலும் ஒன்றும் திரும்பாது. திரும்பாததனால்தான் அவ்வளவு மலிவு.

இன்னும் இரண்டொன்று சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு என்பது நீண்ட காலம். வேலை போகலாம், நோய் வரலாம். பணம் திரும்பும் பாலிசியை இடையில் நிறுத்தினால் ஏதோ ஒரு பகுதி கிடைக்கும். தொடக்க ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். வெறும் காலவரைக் காப்பீட்டை நிறுத்தினால் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. எனவே முப்பது ஆண்டும் கட்டக்கூடிய தொகை எதுவோ அதையே ஏற்க வேண்டும். தவணை தவறினால், ஆண்டுக்கொரு முறை கட்டுவோருக்கு 30 நாள், மாதந்தோறும் கட்டுவோருக்கு 15 நாள் சலுகை. பாலிசி கைக்கு வந்தபின் நிபந்தனைகளைப் படித்து, பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். படிப்பவர்தாம் இல்லை!

விண்ணப்பத்தை ஏஜெண்டே நிரப்பட்டும் என்று வெற்றுத் தாளில் கையெழுத்திடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சர்க்கரை நோய் உண்டா, புகையிலை உண்டா என்ற கேள்விகளுக்கு நேரே 'இல்லை' என்று கோடு இழுத்துவிடுகிறார்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்டபின், மூன்று ஆண்டு கழிந்த பாலிசியை எக்காரணம் கொண்டும் நிறுவனம் மறுக்க இயலாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள் மரணம் நேர்ந்து, பொய் வெளிப்பட்டால், பணத்துக்காக அலைபவள் அவன் மனைவி. ஹான்ஸ் போடுகிறவர், போடுகிறேன் என்றே எழுதட்டும். பிரிமியம் சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

கடன் உள்ளவர்கள் அறிய வேண்டிய பழைய சட்டம் ஒன்றும் உண்டு: 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துரிமைச் சட்டம். அதன் 6-ஆம் பிரிவின்படி, மனைவி மக்கள் நலனுக்கென்று குறிப்பிட்டுக் கணவன் எடுக்கும் பாலிசிப் பணம் அவர்களுக்கே உரியது. அவனுடைய கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. பின்னாளில் அவனே மனம் மாறினாலும் எடுத்துக்கொள்ள இயலாது. 1923-ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பிரிவை இந்து, முஸ்லிம், சீக்கியர் முதலானோருக்கும் விரித்தது. பாலிசி எடுக்கும்போதே இதற்குரிய படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்ப வேண்டும். கேளாதவர்க்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

நாமினி விஷயத்திலும் 2015-க்குப் பிறகு நிலை மாறியுள்ளது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகக் குறித்தால், பணம் அவருக்கே உரிமையாகிறது. வாங்கிப் பிறருக்குப் பகிர வேண்டிய பொறுப்பாளர் மட்டும் அல்லர் அவர். மணமாகுமுன் தாயின் பெயரை எழுதியவர்கள் மணமானபின் மாற்ற மறந்தால், மாமியாரும் மருமகளும் எதிரெதிர் நிற்கும் நிலை வரும். சிறு பிள்ளையின் பெயரை எழுதினால், அப்பிள்ளைக்காகப் பணம் பெறும் ஒருவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதைச் சொன்னதும் அந்தக் கணவர், "எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால எடுத்த சின்ன பாலிசி ஒண்ணு இருக்கு சாமி" என்றார். அன்று மாலை ஜெபமாலைக்கு வந்தபோது அதைக் கையோடு கொண்டு வந்தார். முதல் தாளிலேயே கையெழுத்திடப் போவதாகவும், மற்ற எட்டாயிரத்தில் முடிந்த அளவை மனைவி பெயரில் அஞ்சலகத்தில் கட்டப் போவதாகவும் சொன்னார். பழைய பாலிசியை விளக்கடியில் விரித்துப் பார்த்தோம். நாமினி என்ற கட்டத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் அடக்கம் செய்த அவருடைய தாயாரின் பெயர் இருந்தது.